உறிஞ்சும், சோதிக்கும், துப்பும்: கெண்டை தூண்டிலில் சிக்குவது எப்படி?

தக்கை ஒருமுறை லேசாக அமிழ்ந்து எழும்புகிறது. மறுபடி ஒரு துடிப்பு. பிறகு அசைவே இல்லை. தூக்கிப் பார்த்தால் முள்ளில் மாவு பாதி கரைந்திருக்கிறது, மீனைக் காணோம். "கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது" என்பார்கள் கரையில் இருப்பவர்கள். உண்மையில் கெண்டை கொத்துவதில்லை. அந்த இரண்டு துடிப்புகளுக்குள் அது இரையை வாய்க்குள் உறிஞ்சி, சோதித்து, முள்ளை உணர்ந்து, வெளியே துப்பியும் முடித்துவிட்டது. கெண்டைத் தூண்டிலின் நுட்பங்களில் பெரும்பாலானவை இந்த உறிஞ்சலுக்கும் துப்பலுக்கும் நடுவே கிடைக்கும் கணத்தைப் பிடிப்பதற்காக உருவானவை.

சாதா கெண்டையின் தாடையை விரலால் தடவினால் ஒரு பல்கூடத் தட்டுப்படாது. மேலுதட்டைப் பிடித்து மெல்ல இழுத்தால் குழாய்போல முன்னே நீளும். இப்படி நீளுவதற்கென்றே அதன் மூக்கு நுனிக்குப் பின்னால் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. கெண்டைக்கும் அதன் உறவு மீன்களுக்கும் மட்டுமே உரிய எலும்பு அது. உதடு நீண்டு வாயறை விரிந்ததும் நீர் உள்ளே பாய்கிறது. கூடவே சேறு, மணல், புழு, மாவு எல்லாம் போகின்றன. பொறுக்கும் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. அண்ணத்தில் தடித்த தசை மெத்தை ஒன்று உண்டு. அதன் மேல் சுவை மொட்டுகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கனில் ஆய்வாளர் ஃபெர்டினான்ட் சிபிங் 1980களில் கெண்டை உண்பதை எக்ஸ்ரே படமாகப் பதிவு செய்து ஆராய்ந்தார். மெத்தையின் ஒரு பகுதி மட்டும் புடைத்து உணவுத் துணுக்கை வாயின் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மற்றவை செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் அலசி வெளியேற்றப்படுகின்றன. கையும் இல்லாமல் பல்லும் இல்லாமல், சேற்றுக்குள்ளிருந்து ஒரு புழுவை மட்டும் பிரித்தெடுக்கும் இந்தத் திறமை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பற்கள் இல்லாமலும் இல்லை. அவை தொண்டையில் இருக்கின்றன. நத்தை ஓடும் அங்கே நொறுங்கிவிடும். ஆனால் கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் விராலைப் போல ஒரு பெரிய இரையை விழுங்கிவிட்டு அதனால் ஓய்ந்திருக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, நெடுநேரம் மேய்ந்தாக வேண்டும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து ஓரிடத்தில் தூவிவிட்டுக் காத்திருப்பது பலன் தருவதன் காரணம் இதுதான்.

இப்போது முள்ளுக்கு வருவோம். இரைக்குள் முள்ளை முழுதாகப் புதைத்தால் அண்ணம் அதைக் கண்டுபிடித்துவிடும். இரை இருக்கும் வரை முனையும் மூடியே இருக்கும். இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இரு தூண்டில்காரர்கள் 1980ஐ ஒட்டி இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து மயிரிழை போன்ற மெல்லிய நூலில் தொங்கவிட்டார்கள். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் பின்னாலேயே போகிறது. துப்பும்போது இரை முதலில் வெளியேற, முள் திரும்பிக் கீழுதட்டில் பதிகிறது. துப்புகிற செயலே மீனைச் சிக்கவைக்கிறது. நம் ஊர் நீர்த்தேக்கங்களில் கட்லா என்னும் கெண்டைக்குப் போடும் ஸ்பிரிங் தூண்டிலிலும் இதே தத்துவம்தான். நடுவில் ஸ்பிரிங்கைச் சுற்றி மாவு, பக்கங்களில் பல முட்கள். உதிரும் மாவை மீன் உறிஞ்சும்போது ஏதாவது ஒரு முள் உள்ளே போய்விடும்.

எல்லாக் கெண்டைக்கும் வாய் ஒரே மாதிரி இல்லை. கட்லாவின் வாய் மேல்நோக்கியது. மீசை கிடையாது, செவுளில் இருக்கும் நெருக்கமான சல்லடையால் நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அதற்கு மாவு நீரில் புகைபோல் கரைந்து பரவ வேண்டும். ரோகுவின் உதடு ஓரம் குஞ்சம் வைத்ததுபோல் இருக்கும், நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடிமட்ட மீன். சாதா கெண்டை நான்கு மீசைகளால் சேற்றைத் துழாவும். ஆகவே ஈயத்தையும் தக்கையையும் நகர்த்தி ஆழத்தைச் சரிசெய்யாமல் இரையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இன்னொன்று, கரையில் தடதடவென்று நடக்கக் கூடாது. இவற்றின் காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கும் சிறு எலும்புச் சங்கிலி, நாம் எழுப்பும் அதிர்வை அப்படியே கொண்டுசேர்த்துவிடும்.

பருவத்தைத் தீர்மானிப்பவை வெப்பமும் ஆக்சிஜனும். மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்கும். குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசியும் குறையும். ஊட்டி ஏரியில் மார்கழியிலும் தையிலும் கெண்டை சோம்பிக் கிடப்பது அதனால்தான். சமவெளியில் சிக்கல் நேர்மாறானது. 10 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். மீனின் தேவையோ வெப்பத்தோடு கூடுகிறது. விடியற்காலைதான் எப்போதும் நல்ல நேரம் என்ற நம்பிக்கை, கோடையில் பாசி பிடித்த பச்சைத் தண்ணீரில் பொய்த்துப்போகும். இரவு முழுவதும் பாசியும் சுவாசித்து ஆக்சிஜனைச் செலவழித்திருக்கும். விடியும் முன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நிலையில் எந்த இரையும் எடுபடாது. வெயில் ஏறிப் பாசி மறுபடி ஆக்சிஜனை வெளியிடத் தொடங்கிய பிறகே மேய்ச்சல் சூடுபிடிக்கும்.

ஆடிக் காற்றை நான் விரும்பி எதிர்பார்ப்பேன். மேற்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் கிழக்குக் கரைக்குத் தள்ளுகிறது. அலை மோதுவதால் ஆக்சிஜனும் கலக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காகச் சரியும் நிலத்தில் ஏரிக்குக் கட்டிய கரையும் பெரும்பாலும் கிழக்கே இருக்கும். முகத்தில் காற்று அறைந்தாலும் அந்தக் கரையில்தான் உட்கார வேண்டும்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கேயுள்ள ஆறுகளிலிருந்து காவிரிக்குக் கொண்டுவரப்பட்டவை. தேங்கிய குளத்து நீரில் இவை தாமாக முட்டையிடுவதில்லை; மழைக்காலப் புதுவெள்ளம் வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சவுத்ரி, மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் செலுத்தி இவ்வகைக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். இன்று நம் ஏரிகளில் விடப்படும் குஞ்சுகள் அந்த வழியில் வந்தவை. சாதா கெண்டைக்கு வெள்ளம் தேவையில்லை. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த கண்ணாடிக் கெண்டை அதன் ஒரு வகை. கரையோரச் செடிகளில் முட்டைகளை ஒட்டிவிடும்.

புதுவெள்ளத்தில் எதிரேறும் மீனைத் தூண்டிலிலோ வலையிலோ பிடிப்பதை நான் ஏற்பதில்லை. முட்டையிடப் போகும் மீனை அடையாளம் காண்பது எளிது. பருவத்தில் ஆண் மீனின் மார்புத் துடுப்பு சொரசொரவென்றிருக்கும். பெண்ணின் துடுப்பு வழுவழுப்பாகவும் வயிறு மெத்தென்று உப்பியும் இருக்கும். அப்படி ஒன்று சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுங்கள். தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடியுங்கள். செவுள் சீராக அசையத் தொடங்கியதும் அதுவே கையை உதறிக்கொண்டு போய்விடும்.