ஓரூர் சாக்லேட்: ‘சிங்கிள் ஆரிஜின்’ தமிழுக்கு வந்தால்

போன ஞாயிறு காலையில் மூன்று டார்க் சாக்லேட் கட்டிகளை உடைத்துத் தட்டில் வைத்தேன். மூன்றும் 70 சதவீதம். அதாவது எடையில் அவ்வளவும் கொக்கோவும் கொக்கோ வெண்ணெயும்தான். உறைகளில் ‘சிங்கிள் ஆரிஜின்’ என்று போட்டு, இடுக்கி, மடகாஸ்கர், ஈக்வடார் என்று ஊர் குறித்திருந்தார்கள். மடகாஸ்கரை வாயில் போட்ட அத்தை முகத்தைச் சுளித்தார். “நாவப்பழமாட்டம் புளிக்குதே, எந்த ஊருச் சரக்குடா இது?”

‘சிங்கிள் ஆரிஜின்’ என்பதற்கு நான் தேடிய தமிழ்ச் சொல் அந்தக் கேள்வியில் இருந்தது.

‘ஆரிஜின்’ லத்தீன் வழிச் சொல். ‘எழுதல், உதித்தல்’ என்ற வினை அதன் வேர். ஞாயிறு எழும் கிழக்கைக் குறிக்கும் ‘ஓரியன்ட்’டும் அங்கிருந்து வந்ததுதான். சாக்லேட்டில் ‘சிங்கிள் ஆரிஜின்’ என்பதன் பொருள் எளிது: கொக்கோ விதை முழுக்க ஓரிடத்தில் விளைந்தது, பல நாட்டு விதைகளின் கலவை இல்லை. ஒரே ரகம் என்றோ உயர்தரம் என்றோ அது உறுதி சொல்லவில்லை.

சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘ஒற்றைத் தோற்றம்’ என்றால் இரட்டை வேடத்துக்கு எதிர்ப்பதம்போல ஒலிக்கிறது. ‘ஒருமூலம்’ என்றாலோ சுவரொட்டி வைத்தியர்தான் ஞாபகத்துக்கு வருவார். கீழமாசி வீதியில் மிளகாய் வாங்குகிறவர் ராமநாதபுரம் முண்டா, குண்டூரா என்று ஊரைச் சொல்லித்தான் கேட்பார். வாழையில் சிறுமலை, பூவில் மதுரை மல்லி. ஆகவே ஒரு + ஊர் = ஓரூர்; ஓரூர் சாக்லேட்.

ஒரு நாட்டையே ஊர் என்பதா? என்பதுதான். வெளிநாட்டில் ‘எந்த ஊர்?’ என்றால் இந்தியா என்கிறோம், சென்னையில் கேட்டால் மதுரை, மதுரைக்குள் கேட்டால் செல்லூர். ‘ஆரிஜின்’ என்பதும் நாடு, வட்டாரம், தோட்டம் என்று இப்படியே நீண்டு சுருங்கும். ஒரே தோட்டத்து விதையை மட்டும் ‘தனித்தோட்டம்’ என்று பிரித்துச் சொல்லலாம்.

கொக்கோவும் சாக்லேட்டும் அப்படியே இருக்கட்டும். ஐந்து பைசா மிட்டாயையும் ‘சாக்லேட்’ என்று பழகிய வாய் நம்முடையது. மெசோஅமெரிக்காவின், அதாவது பழைய மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியின் ‘ககாவ்’, ஸ்பானிஷில் ‘ககாவோ’ ஆகி, ஆங்கிலத்தில் தேங்காயின் ‘கோகோ’வோடு குழம்பித்தான் ‘கொக்கோ’ ஆனது. பொள்ளாச்சியில் அது தென்னைக்கு ஊடுபயிராக நிற்பதைப் பார்த்தால் அந்தக் குழப்பத்தை மன்னிக்கத் தோன்றும்.

சுவைக்குத்தான் நமக்குச் சொல் பஞ்சமே இல்லை. ஈக்வடாரில் கைப்பு குறைவு, பூ மணம் தூக்கல். இடுக்கியில் துவர்ப்பு, நெல்லிக்காய் கடித்தாற்போல நாக்கைப் பிடித்தது. ஆங்கிலத்தார் துவர்ப்பை வாயின் உணர்வு என்று தள்ளிவைப்பார்கள், நமக்கோ அது அறுசுவையில் ஒன்று. விதையைக் குவித்து ஐந்தாறு நாள் சரியாகப் புளிக்க வைத்தால் துவர்ப்பும் கைப்பும் தணியும்.

நல்ல சாக்லேட் என்றால் கட்டி ‘டக்’கென்று முறிய வேண்டும் என்பார்கள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். சித்திரையில் மதுரைக்காரர்கள் இந்தச் சோதனையை விடிகாலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் வியர்த்து, சர்க்கரை மேலே பூத்து வெளுத்துப்போகும்.