பங்குதாரர் அல்ல, பங்குக்காரர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கத்தோலிக்கக் கோயில் திருவிழா நோட்டீசுகளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. நவநாள் திருப்பலி, தேர்பவனி, அன்னதானம் எல்லாம் முடிந்த பிறகு, பல ஆண்டுகள் கோயிலுக்கு உழைத்த பெரியவர்களுக்குப் பொன்னாடையும் கேடயமும் தருவதாகப் போட்டிருப்பார்கள். நல்ல காரியம். ஆனால் அவர்களை "மூத்த பங்குதாரர்கள்" என்று அச்சடித்து, அதையே மைக்கிலும் வாசிக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுபது வயதுப் பாட்டி மேடை ஏறும்போது ஏதோ கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடப்பது போல இருக்கிறது.

ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தைப் பங்கு என்கிறோம். அதன் மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் பரோய்க்கியா, 'பரா' என்றால் அருகில், 'ஓய்க்கோஸ்' என்றால் வீடு. வேற்றூரில் போய்க் குடியிருப்பது என்று பொருள். பேதுருவின் முதல் திருமுகத்தில் "அந்நியர், பரதேசிகள்" என்று நாம் படிக்கிற இடத்தில் இந்தக் குடும்பத்துச் சொல்தான் நிற்கிறது. லத்தீனில் அது பரோக்கியா ஆனது. தமிழ்க் கத்தோலிக்கரிடம் அதன் பெயர் பங்கு. பகு, பகுதி, பங்கு என்று ஒரே வேர். ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள மறைமாவட்டத்தைப் பகுத்தால் கிடைப்பது பங்கு, அவ்வளவுதான். பங்குத்தந்தை, பங்குக்கோயில், பங்குப் பேரவை, பங்குமக்கள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

சிக்கல் ஒருமையில்தான். பங்குமக்கள் என்பது கூட்டத்துக்குப் பொருந்தும். ஒரே ஒரு ஆளை என்னவென்று சொல்வது? "ஒரு பங்குமக்கள்" என்று எழுத முடியாது. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் பங்குதாரர். மலையாளச் சுற்றறிக்கையில் "இடவகாங்கம்" என்று தெளிவாக இருக்கிறது. இடவக என்றால் கோயில் பங்கு, அங்கம் என்றால் உறுப்பினர். அவர்களுக்கு இடவக வேறு, கம்பெனிப் பங்கு வேறு. கம்பெனிப் பங்கை ஓஹரி என்பார்கள். நமக்கோ இரண்டும் பங்கு. அந்தச் சுற்றறிக்கையை அவசரத்தில் தமிழாக்குகிறவர், செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் பார்த்த சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்.

"சந்தாதாரர், விண்ணப்பதாரர், குடும்ப அட்டைதாரர் எல்லாம் சொல்கிறோமே, பங்குதாரரில் என்ன தப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. சரி, பார்ப்போம். 'தார்' பாரசீகத்திலிருந்து வந்த ஒட்டு. வைத்திருப்பவர் என்று பொருள். ஜமீன்தார் நிலம் வைத்திருப்பவர், அட்டைதாரர் அட்டை வைத்திருப்பவர், பங்குதாரர் பங்கு வைத்திருப்பவர். அவர் அதை விற்கலாம், லாபம் கேட்கலாம், கூட்டத்தில் ஓட்டுப் போடலாம். கோயில் பங்கில் இருப்பவர் எதை வைத்திருக்கிறார்? கல்லறைத் தோட்டத்தில் ஆறடி கிடைக்கும், அதுவும் பிற்பாடு.

1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 515-ஆம் சட்டம், பங்கு என்றால் நிலையாக அமைந்த ஒரு நம்பிக்கையாளர் சமூகம் என்கிறது. கட்டடமோ சொத்தோ இல்லை, ஆட்கள்தான் பங்கு. அதில் சேரப் பணமும் கட்ட வேண்டாம். நிலையாக இருக்கும் எண்ணத்தோடு ஓரிடத்தில் குடியேறினாலோ, ஐந்து ஆண்டுகள் அங்கே முழுதாக வாழ்ந்தாலோ, அந்த இடத்துப் பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தை ஆகிவிடுகிறார். குடியிருப்புதான் உறவு. அந்தக் கிரேக்கச் சொல்லும் குடியிருப்பைத்தானே சொன்னது! எல்லை தாண்டி வந்து நாலு தலைமுறையாகத் தோட்டம் பார்க்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை.

பங்காளி என்று சொல்லலாமே என்றார் ஒருவர். மலையாளத்தில் பங்காளி என்றால் கூட இருப்பவர், வாழ்க்கைத் துணைக்குக்கூட அந்தச் சொல் உண்டு. தமிழில் பங்காளி என்றால் அடுத்த சொல் சண்டை. வேண்டாம். திருச்சபையார், சபையார் என்றால் சீர்திருத்தச் சபைக்காரர்களின் வாடை வரும். இடவகையார் என்று எழுதினால் இடம், வகை இரண்டும் நமக்குத் தெரிந்த சொற்களே. ஆனாலும் பொள்ளாச்சியிலிருந்து வரும் உறவினருக்குப் புரியாது.

இத்தனைக்கும் சொல் நம் வாயிலேயே இருக்கிறது. "அவர் எங்க பங்குக்காரர்" என்கிறோம். ஊர்க்காரர், தோட்டக்காரர், கடைக்காரர் போல. காரர் வடமொழியா தமிழா என்று புலவர்கள் தனியாக அடித்துக்கொள்ளட்டும். ஊருக்கு அது பழகிப் போய்விட்டது. கேரளக் கோயில்களில் கணக்கும் சொத்தும் பார்க்கிற பொறுப்பாளரைக் கைக்காரன் என்றுதான் சொல்கிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. 'காரர் என்றால் பால்காரர் மாதிரி மட்டமாக இருக்கிறது' என்று ஒரு நோட்டீஸ் எழுத்தாளர் சொன்னார். அவர் மனைவி அவரை ஊரில் எல்லோரிடமும் "எங்க வீட்டுக்காரர்" என்றுதான் சொல்கிறார். பால்காரர் மட்டம் என்பது வேறு, அதற்கு இன்னொரு நாள் சண்டை போட வேண்டும்.

பங்குதாரரோடு ஒட்டி வருகிற இன்னொரு தொல்லை "வாழ்நாள் சாதனையாளர்". சினிமா விருது விழாவிலிருந்து இறங்கி வந்தது. ஞாயிறுதோறும் மறைக்கல்வி எடுத்தவர், துக்க வீடுகளில் செபமாலை சொல்லிக் கொடுத்தவர், மரியாயின் சேனை என்ற பொதுநிலையினர் பக்தி இயக்கத்தில் சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கப் போனவர் ஆகியோர் செய்தது சாதனை இல்லை, தொண்டு. ஆனால் திருத்தொண்டர் என்று போட்டுவிடாதீர்கள். அது குருவுக்கு ஒரு படி கீழே திருப்பட்டம் பெற்றவரைக் குறிக்கும். ரோமாபுரி தருகிற பதக்கங்களிலும் சாதனை என்ற பேச்சு இல்லை. திருத்தந்தை பதிமூன்றாம் லியோ 1888-இல் ஏற்படுத்திய பதக்கத்தின் பெயருக்குத் 'திருச்சபைக்காகவும் திருத்தந்தைக்காகவும்' என்று பொருள். பெனெமெரேந்தி என்ற பதக்கம் 'நற்செயலால் தகுதி பெற்றவருக்கு' என்கிறது. அப்புறம் 1831-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி தொடங்கிய வீரர் அணி, அதாவது நைட் பட்டம். அதைப் பெற்றவரைக் கேரளத்தில் ஷெவலியர் என்பார்கள். சிவாஜி கணேசனுக்குப் பிரெஞ்சு அரசு தந்த செவாலியேவும் இதே சொல்தான், விருது வேறு.

கேடயத்தில் பட்டம் போட்டே ஆக வேண்டும் என்றால், செய்ததைப் போடுங்கள்: "நம் பங்குக்காரர். நாற்பது ஆண்டு பாடற்குழு நடத்தியவர்." பலரை ஒன்றாகச் சொல்லும்போது "மூத்த பங்குமக்கள்" போதும். நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன், மேடை ஏறப்போகும் அந்தப் பாட்டியிடமே ஒரு தடவை வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.