மாமூல்: வழக்கம் கையூட்டான கதை

மாமூல் என்ற சொல்லைத் தமிழர் இரண்டு விதமாக ஆள்கின்றனர். ‘மாமூலாக வரும் பேருந்து இன்று வரவில்லை’, ‘கலவரம் ஓய்ந்து நகரம் மாமூல் நிலைக்குத் திரும்பியது’ என்னும்போது அது வழக்கமானது, இயல்பானது என்று பொருள்படும். ‘கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கினார்’ என்னும்போதோ, அதிகாரம் அல்லது அடியாள் பலம் உடைய ஒருவர், தொல்லை கொடுக்காமல் இருப்பதற்காகத் தவணை தவறாமல் பெற்றுக்கொள்ளும் பணத்தைக் குறிக்கும். முதற்பொருள் பெரியவர்களின் பேச்சிலும் பழைய பத்திரங்களிலும் ஒதுங்கிவிட, இரண்டாம் பொருள் நாளிதழ்களில் நின்று நிலைத்துவிட்டது.

சொல்லின் தோற்றம் அரபு. செய்தல், செயல் என்னும் பொருளுடைய ‘அமல்’ என்ற வேரிலிருந்து பிறந்த செயப்பாட்டு வடிவம் ‘மஅமூல்’. ‘செய்யப்பட்டது’, அதிலிருந்து ‘செய்யப்பட்டு வருவது’ என்பது அதன் நேர்ப்பொருள். பாரசீகத்தின் வழியாகவும் உருதுவின் வழியாகவும் இந்திய மொழிகளில் நுழைந்தபோது ‘வழக்கமாக நடந்து வருவது’ என்ற பொருள் உறுதிப்பட்டது. அரபு நாடுகளில் பெருநாளுக்குச் செய்யும், பேரீச்சம்பழம் பொதிந்த பலகாரத்துக்கும் இதே பெயர்தான். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்திருப்பார்கள். தமிழில் ‘சட்டம் அமலுக்கு வந்தது’ என்கிறோமே, அந்த அமலும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே அமலாக்கத் துறையும் மாமூலும் சொற்பிறப்பு முறையில் உடன்பிறப்புகள். இதை ‘மா’, ‘மூலம்’ என்று பிரித்துத் தமிழ்ச்சொல்லாகக் காட்டுவோரும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. சங்கப் புலவர் மாமூலனாருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இச்சொல் வந்த வழி வருவாய்த் துறை. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் நிலவரிக் கணக்கு பாரசீகச் சொற்களால் நிறைந்தது. 1801-இல் அந்த நாடு கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு முழுமையாக மாறியபோது சொற்களும் சேர்ந்தே மாறின. தாசில், ஜமாபந்தி, பசலி, வசூல், பாக்கி ஆகியவற்றுடன் மாமூலும் தாலுகா கச்சேரியில் குடியேறியது. புதிதாக வந்த கலெக்டருக்கு ஊரின் நீர்ப்பங்கீடோ மேய்ச்சல் உரிமையோ தெரியாது. தகராறு வந்தால் ‘இங்கே மாமூல் என்ன?’ என்று கேட்டுத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. அப்போது அது மதிப்புக்குரிய சொல்லாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலோ-இந்திய அகராதிகளும் வழக்கம், முன்வழக்கம் என்றே இதற்குப் பொருள் கூறின.

அந்த மதிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் கிரயப் பத்திரம். கொங்குப் பகுதியின் பத்திரம் ஒன்றை எடுத்துப் பார்த்தால், நான்கெல்லை சொல்லி முடித்த பிறகு ‘மேற்படி பூமிக்கு மாமூல் வண்டித் தடத்தில் போக்குவரத்து செய்துகொள்ளும் பாத்தியமும் சேர்த்து’ என்பது போன்ற ஒரு வரி வரும். அந்தத் தடத்தை யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மூன்று தலைமுறையாக வண்டி போனதால் அது தடம். தடுத்தால் நீதிமன்றம் போகலாம். நீண்ட காலம் நடந்து வந்த ஒன்று, நடந்து வந்ததாலேயே உரிமையாகிவிடுகிறது என்னும் கருத்துதான் மாமூலின் கரு. கையூட்டுக்கு இந்தப் பெயர் ஏன் பொருந்தியது என்பதற்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

பழைய கிராம அமைப்பில் கணக்கர், தலையாரி, வெட்டியான் முதலியோருக்குச் சம்பளம் கிடையாது. அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் அளக்கும்போது அவரவருக்குரிய பங்கு எடுத்து வைக்கப்படும். மேரை என்றும் சுதந்திரம் என்றும் அதற்குப் பெயர். வேலை செய்பவருக்கு, அந்த வேலையால் பயன்பெறுபவர் நேரடியாகவே கொடுக்கும் முறை அது; அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆங்கில ஆட்சி ஊழியருக்குப் பணச்சம்பளம் கொடுக்கத் தொடங்கியபோது அந்த உறவு சட்டப்படி அறுந்தது, ஆனால் பழக்கத்தில் அறுபடவில்லை. சம்பளம் சர்க்கார் கொடுக்கும், ‘மாமூல்’ குடியானவன் கொடுப்பான் என்று இரட்டை வரவு ஏற்பட்டது. தமிழ்நாட்டில் பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் என்ற சம்பளப் பதவி வந்த பிறகும் இரட்டை வரவுக்கான எதிர்பார்ப்பு அடியோடு மறைந்துவிடவில்லை. ஆகவே வாங்குபவர் தம்மைத் திருடராக நினைப்பதில்லை, தமக்கு வர வேண்டியது வருகிறது என்றே நினைக்கிறார். கொடுப்பவரும் ‘எவ்வளவு லஞ்சம்?’ என்று வாய்விட்டுக் கேட்பதில்லை, ‘மாமூல் என்னங்க?’ என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்துக்கொள்கிறார். இருவர் கூச்சத்தையும் ஒரே சொல் போக்கிவிடுகிறது.

லஞ்சம், ஊழல், மாமூல் மூன்றையும் ஒரே பொருளில் எழுதுவது நம் இதழ்களில் பரவலாகக் காணப்படும் குறை. லஞ்சம் ஒரு செயல்: குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக, குறிப்பிட்ட ஒரு நாளில் கைமாறுவது. ஊழல் அதைவிட அகன்றது. அழுகியது, பதனழிந்தது என்ற பழைய பொருளிலிருந்து வளர்ந்து, பொதுப்பதவியைத் தன்னலத்துக்குப் பயன்படுத்தும் சீர்கேடு முழுவதையும் குறிக்கிறது. மாமூல் ஓர் ஏற்பாடு. அதற்குத் தேதி உண்டு, தொகை உண்டு, வசூலிக்க ஆள் உண்டு, அதிகாரி மாறினாலும் தொடரும் தன்மை உண்டு. 1962-இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழு, கே. சந்தானம் தலைமையில் 1964-இல் அளித்த அறிக்கையில், விதிக்கு மாறான காரியத்துக்காக அல்லாமல் கோப்பு விரைந்து நகர்வதற்காகவே தரப்படும் ‘விரைவுப் பணம்’ பற்றிப் பேசியது. மாமூல் அதற்கும் நேர்மாறானது. விரைவுப் பணம் ஏதாவது நடப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது. மாமூல் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது.

நடைபாதையில் தள்ளுவண்டி போட்டிருப்பவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு உரிமம் இல்லையென்றால், வண்டியை எந்த நேரத்திலும் அப்புறப்படுத்தலாம். அந்த ‘எந்த நேரத்திலும்’ என்பதற்குத்தான் விலை. தெருவோர வணிகர் பாதுகாப்புக்காக நாடாளுமன்றம் 2014-இல் இயற்றிய சட்டம், நகர விற்பனைக் குழு அமைத்து, அதில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தை வணிகர்களின் பிரதிநிதிகளுக்கு ஒதுக்கி, கணக்கெடுத்துச் சான்று வழங்கச் சொல்கிறது. சான்று கையில் உள்ளவரிடம் மாமூல் கேட்பது கடினம். ஆகவே சான்று தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவருக்கு வரவு. சட்டம் தெளிவற்றிருக்கும் இடத்திலும், தெளிவான சட்டம் நிறைவேறாத இடத்திலும் மாமூல் முளைக்கிறது.

அதைத் தண்டிக்கச் சட்டம் தடுமாறுவதன் காரணமும் இந்த ஏற்பாட்டுத் தன்மைதான். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி வழக்கு நிற்க வேண்டுமானால், ஊழியர் கேட்டுப் பெற்றார் என்றோ, மற்றவர் தாமாக நீட்டியதை ஏற்றார் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். லஞ்ச ஒழிப்புப் போலீசார் பினாப்தலின் தூள் தடவிய நோட்டுகளைப் புகார்தாரரிடம் கொடுத்து அனுப்புவதும், வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்து இளஞ்சிவப்பு நிறம் காட்டுவதும் அந்தக் கணத்தைப் பிடிப்பதற்காகவே. மாமூலில் அப்படியொரு கணம் வாய்ப்பதே அரிது. யாரும் கேட்பதில்லை, தேதி வந்தால் பணம் போகிறது, அதுவும் அதிகாரியின் கைக்கே போவதில்லை. புகார்தாரர் இறந்துவிட்டாலும் பிறழ்சாட்சியாக மாறினாலும் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு குற்றத்தை நிறுவலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு நீரஜ் தத்தா வழக்கில் கூறியது ஓரளவு வழி திறந்திருக்கிறது. ஆனால் 2018-இன் திருத்தம் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கி, கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே விலக்கு அளிக்கிறது. பல ஆண்டுகளாக மாதந்தோறும் கொடுத்து வந்தவர் எந்த ஏழு நாளைக் கணக்கில் எடுப்பார்? ஒற்றை லஞ்சத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி, மாமூல் கொடுத்தவரின் வாயை அடைத்துவிடுகிறது என்பதே என் கருத்து. அலுவலகச் சுவர்களில் தொங்கும் அறிவிப்புப் பலகைகளும் லஞ்சம் கேட்டால் யாரிடம் புகார் செய்வது என்றுதான் சொல்கின்றன.

மாமூலுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. லஞ்சம் அரசு ஊழியர் வாங்குவது. மாமூலை ரவுடியும் வாங்குகிறான். ‘மாமூல் தர மறுத்த கடைக்காரருக்கு வெட்டு’ என்ற தலைப்பும் ‘மாமூல் வாங்கிய காவலர் பணியிடை நீக்கம்’ என்ற தலைப்பும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரக்கூடும். சொல்லளவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பேச்சுத் தமிழ் இந்த இருவரையும் ஒரே சொல்லில் அடக்கியது கவனக்குறைவால் அன்று. ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’ என்ற குறள் செய்த ஒப்பீடும் இதுதான். செங்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டாலும், அது வேலைக் காட்டி ‘எடு’ என்று மிரட்டுவதற்குச் சமம்.

அண்டை மொழிகள் இச்சொல்லை எப்படி நடத்தின என்பதும் காணத்தக்கது. தெலுங்கில் ‘மாமூலு’ என்று ஒருமையில் சொன்னால் சாதாரணம். ‘மாமூள்ளு’ என்று பன்மையில் சொன்னால் பெரும்பாலும் கையூட்டு. இந்தியில் ‘மாமூலி’ என்பது அற்பமானது, சாதாரணமானது என்ற அளவில் நின்றுவிட்டது. தவணைக் கையூட்டுக்கு வாரம் என்று பொருள்படும் ‘ஹஃப்தா’ வந்தது. மலையாளத்தில் மாமூல் என்றால் பழைய சம்பிரதாயம். சமூகச் சீர்திருத்தம் பேசியவர்கள் உடைக்கச் சொன்னது அந்த மாமூல்களைத்தான். கையூட்டுக்கு அங்கே கைக்கூலி, மாதந்தோறும் போவதற்கு மாசப்படி.

இந்தக் கைக்கூலி தமிழும் ஒரு காலத்தில் கையாண்ட சொல். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, நீதிமன்றத்துக்குள் இதைக் கண்ணெதிரே கண்டவர், தம் நீதிநூலில் கைக்கூலி என்ற பெயரிலேயே ஓர் அதிகாரம் வைத்தார். பழைய விவிலிய மொழிபெயர்ப்பு ‘பரிதானம் வாங்காதிருப்பாயாக’ என்றது. பரிதானம் வழக்கொழிந்தது, கைக்கூலி தமிழ் முஸ்லிம்களிடையே மணமகன் வீட்டார் பெறும் பணத்தையும், அரசியல் மேடையில் பிறருக்கு விலைபோன ஆளையும் குறிக்கத் தொடங்கியதால் பழைய பொருளை இழந்தது. வடமொழி வழிவந்த லஞ்சத்துக்கு மாற்றாக இன்று கையூட்டு ஓரளவு நிலைபெற்றிருக்கிறது. கைக்கு ஊட்டுவது என்ற அமைப்பும் தெளிவானது.

ஆனால் மாமூலுக்குக் கையூட்டு என்று மட்டும் எழுதினால் தவணையும் ஏற்பாடும் விடுபட்டுவிடும். ஜமாபந்தியை வருவாய்த் தீர்வாயம் என்றும் தாசில்தாரை வட்டாட்சியர் என்றும் மாற்றிய ஆட்சிச்சொல் அகராதிக்காரர்களுக்கு இச்சொல்லுக்கு மாற்றுத் தேட வேண்டிய தேவை எழவில்லை, ஏனெனில் அலுவலகக் கோப்பில் இப்பொருள் எழுதப்படுவதே இல்லை. வழக்கம் என்ற முதற்பொருளில் வரும் இடங்களில் வழக்கம், வழமை, இயல்பு நிலை என்பன தடையின்றிப் பொருந்தும். பத்திரத்தில் ‘மாமூல் தடம்’ என்பதை ‘வழக்கத் தடம்’ என எழுதலாம். கையூட்டுப் பொருளில், அரசு ஊழியர் பெறுவதை ‘வாடிக்கைக் கையூட்டு’ என்பதே சரியென்று கருதுகிறேன். வாடிக்கை, தெலுங்கின் வாடுக, கன்னடத்தின் வாடிகெ ஆகியவற்றோடு உறவுடைய சொல். வழக்கம் என்ற பொருளோடு, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலுள்ள நிலையான தொடர்பையும் சுட்டும். மலையாளத்தைப் பின்பற்றி மாதப்படி எனலாம் என்பாரும் உண்டு. பஞ்சப்படி, பயணப்படி போன்ற முறையான வரவுகளின் வரிசையில் அதையும் உட்கார வைக்க எனக்கு மனமில்லை, அன்றாடம் வசூலாவதற்கும் அது பொருந்தாது. ரவுடி வாங்குவதற்குக் கையூட்டு என்ற சொல்லே தகாது, அவன் எந்தக் கடமையையும் விற்கவில்லை. அங்கே ‘மிரட்டிப் பறித்த பணம்’ என்று விரித்தே எழுத வேண்டும். காவலர் வாங்கியதும் மிரட்டலின் பேரில்தான் என்று முதல் தகவல் அறிக்கை சொல்லுமானால், அவருக்கும் அதே சொற்றொடரைத் தயங்காமல் போடலாம்.