‘ஹைவேஸ்ல எடுக்குறாங்க’ன்னா யார் எடுக்குறாங்க?

தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர், ரோட்டுக்காகத் தன் நிலத்தை எடுப்பதாகப் பேப்பரில் வந்த அறிவிப்பை வெட்டி எடுத்துக்கொண்டு ‘ஹைவேஸ் ஆபீசு’க்கு மூன்று நடை நடந்தார். முதல் நடை, அலுவலர் லீவு. அடுத்தது, தாலுகாவுக்குப் போங்க. மூன்றாவதில்தான், “இது என்.எச். ஆச்சி, எங்க ரோடு இல்ல” என்றார்கள். அதற்குள் ஆட்சேபம் சொல்வதற்கான 21 நாள் போய்விட்டது. முதல் நாளே அந்தத் துண்டை வாங்கிப் படிக்க அரை நிமிஷம் ஆகியிருக்குமா?

இங்கிலீஷில் ஹைவே என்பது பொதுச்சாலைதான். நமக்கு பைபாஸும் நாலு வழிச் சாலையும் எல்லாமே ஹைவேஸ். சட்டத்துக்கு அப்படியில்லை. தேசிய நெடுஞ்சாலைக்கு 1956 மத்தியச் சட்டம், மாநில நெடுஞ்சாலைக்கு 2001 தமிழ்நாடு சட்டம். ஆபீசும் வேறு, நடைமுறையும் வேறு. கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள்: தலை மஞ்சள் என்றால் தேசியம், பச்சை என்றால் மாநிலம். நம்பரிலும் குழப்பம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போகும் பழைய 210தான் இன்று 536. பழைய காகிதத்தில் இருக்கும் நம்பரைப் பார்த்து வேறு ரோடு என்று இருந்துவிடாதீர்கள்.

இனி தேசிய நெடுஞ்சாலை கதை மட்டும். நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று அந்த 1956 சட்டத்தின் 3ஏ பிரிவில் வரும் ‘3ஏ’ அறிவிப்பு கெஜட்டிலும் இரண்டு நாளிதழ்களிலும் வந்தால் போதும். வீட்டுக்குத் தபால் வரும் என்று காத்திருக்காதீர்கள். கெஜட் தேதியிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீல் வாங்குங்கள். “பணம் போதாது” என்று அதில் எழுதிப் பயனில்லை, அது பிறகு வரும் பேச்சு. இந்த நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்பதைத்தான் எழுத வேண்டும். அடுத்து நிலத்தை எடுத்தாயிற்று என்ற ‘3டி’ அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுடையது.

நம்ம ஊரில் பெரிய வம்பு பங்குதான். பட்டா செத்துப்போன பாட்டனார் பெயரில் இருக்கும். பங்காளி ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், கட்டிக்கொடுத்த பெண்கள் நாலு ஊரில். யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு வந்தால் விஷயம் சிவில் கோர்ட்டுக்குப் போகும். பணம் அங்கே தூங்கும். வாரிசுச் சான்றும் வில்லங்கச் சான்றும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். பெண்மக்களை விட்டுவிட்டு வாரிசுப் பட்டியல் போடாதீர்கள். அந்த ஒரு பெயருக்காகவே ஃபைல் திரும்பி வரும்.

தொகை குறைவு என்றால் ஆர்பிட்ரேட்டரிடம், அதாவது தொகையை மறுபடி முடிவு செய்யும் நடுவரிடம் போகலாம், பெரும்பாலும் கலெக்டர்தான். பணம் வாங்கும்போது ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நிலம், வீடு, மரம், கிணறு எல்லாம் சேர்த்த மதிப்புக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. முற்றத்துத் தேக்குத் தூணை எண்ணாமல் வெறும் ‘பழைய ஓட்டு வீடு’ என்று எழுதிப்போவார்கள். அளக்க வரும் அன்று கூடவே நில்லுங்கள், போட்டோ எடுங்கள்.

தொகை டெபாசிட் ஆகாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. டெபாசிட் ஆன பிறகும் எழுத்து நோட்டீஸும் 60 நாள் அவகாசமும் உண்டு. வாய்மொழியாக “நாளைக்கு ஜேசிபி வரும்” என்றால் நோட்டீஸைக் கேளுங்கள்.