பரணில் கிடந்த ரேடியோவை இறக்கியதும் பிளக்கை மாட்டாதீர்கள்

மதுரையில் பழைய வால்வு ரேடியோ, ரிக்கார்டு பிளேயர், டேப் ரிக்கார்டர், மைக் செட் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது என் தொழில். வால்வு என்றால் டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்பு ரேடியோவுக்குள் இருந்த கண்ணாடிக் குழாய். முன்பெல்லாம் வயசானவர்கள்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இப்போது இளவட்டங்கள் வருகிறார்கள். தாத்தா வைத்திருந்த பிலிப்ஸோ மர்ஃபியோ பரணில் கிடந்திருக்கும். இல்லாவிட்டால் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியிருப்பார்கள். பாதிப் பேர் யூடியூப் பார்த்து, வீட்டிலேயே கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கழற்றிப் பார்க்காமல் யாரும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதில்லை. எனக்குப் பதறுவது வேறு ஒரு பேச்சைக் கேட்கும்போதுதான்: "அண்ணே, சும்மா ஓடுதான்னு போட்டுப் பாத்தேன். கொஞ்ச நேரம் கொர்ருன்னு சத்தம் வந்துச்சு, அப்புறம் புகை வந்துருச்சு."

அந்தச் செட் பரணில் கிடந்து கெட்டதல்ல, போட்டுப் பார்த்ததில் கெட்டது.

வால்வு ரேடியோவுக்குள் மின்சாரத்தைச் சீராக்க எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் இருக்கும். அவற்றுக்குள் அலுமினியத் தகட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. செட் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தப் படலம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் மெலிந்துபோகும். அந்த நிலையில் நேராக 230 வோல்ட்டில் மாட்டினால் கண்டன்சருக்குள் கசிவு ஓடிச் சூடேறும். சில சமயம் வெடிக்கும். வெடிக்காவிட்டால் இன்னும் மோசம்: ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபயர் வால்வும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் அந்தச் சுமையை இழுத்து இழுத்தே கருகிவிடும். கண்டன்சர் இன்றைக்கும் மலிவாகக் கிடைக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் கட்ட ஆள் தேடி அலைய வேண்டும்.

இன்னொரு குற்றவாளி, மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர். அது கசிந்தால், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வில் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட் என்ற முனைக்கு வரக்கூடாத வோல்ட்டேஜ் வரும். வால்வுக்குள் தகடு சிவக்கச் சிவக்கக் காயும். பாட்டு நன்றாகத்தான் பாடிக்கொண்டிருக்கும், அதனால் வீட்டுக்காரர் ரசித்துக்கொண்டிருப்பார்.

எங்கள் கடைகளில் இதற்கு ஒரு எளிய ஏற்பாடு உண்டு. சீரிஸ் போர்டு என்போம். செட்டுக்கும் கரண்டுக்கும் இடையே ஒரு 60 வாட் குண்டு பல்பு தொடராக நிற்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சுவிட்ச் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை என்று அர்த்தம். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும். செய்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூடிய பெட்டியாகச் செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்தப் பல்பு காப்பாற்றுவது ரேடியோவை மட்டும்தான், உங்களை அல்ல.

சரி, உங்களைக் காப்பாற்றுவது எது? பலரும் சொல்லும் பதில், "வீட்டுல ஆர்.சி.சி.பி. மாட்டியிருக்குண்ணே." கரண்ட் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் நல்ல சாதனம் அது, இல்லாதவர்கள் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வு செட்டுக்குள் இருக்கும் 250, 300 வோல்ட் டி.சி. அதன் கண்ணுக்கே தெரியாது. ஒரு கை சேசிஸ் என்னும் உள் இரும்புச் சட்டத்திலும் இன்னொரு கை அந்த டி.சி.யிலும் பட்டால், கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். வீட்டு வயரிங்கில் கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி. விழாது. பழைய மெக்கானிக்குகள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ஸ்டைலுக்கு என்று நினைக்காதீர்கள். இரண்டு கைக்கும் நடுவில் இருப்பது நெஞ்சு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் கண்டன்சரில் கரண்ட் தேங்கி நிற்கும். டெஸ்டரை வைத்துப் பார்த்து, லைட் எரியவில்லை, ஆபத்தில்லை என்று முடிவுகட்டக் கூடாது. டெஸ்டர் அதற்கான கருவி அல்ல. ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து டப்பென்று சத்தம் கேட்பதும் வீரம் அல்ல. தீப்பொறி கண்ணில் தெறிக்கும், கண்டன்சரும் சேதமாகும். 4.7 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்றாக உறை போட்ட வயரும் கிளிப்பும் வைத்து, கண்டன்சரின் முனைகளில் சில விநாடி பிடித்துத் தேங்கிய கரண்டை இறக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரில் டி.சி. வோல்ட் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், சில கண்டன்சர்கள் இறக்கிய பிறகும் மெல்ல ஏறும்.

இவ்வளவையும் விட எனக்குப் பயம் தருவது ஏ.சி./டி.சி. செட்டுகள். சில ஊர்களில் டி.சி. மின்சாரம் ஓடிய காலத்தில், இரண்டிலும் ஓடட்டும் என்று மெயின் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் செய்தார்கள். பின்பக்க அட்டையில் ஏ.சி./டி.சி. என்று அச்சிட்டிருக்கும், வால்வுகளின் பெயர் யு.சி.எல். 82, யு.எல். 84 என்று 'யு'வில் தொடங்கும். இவற்றில் வீட்டுக் கரண்டின் ஒரு வயர் நேராகச் சேசிஸில் சேர்ந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பி மாட்டினால் முழுச் சேசிஸும் ஃபேஸ். குமிழ் கழன்று விழுந்திருந்தால், அந்த இரும்புத் தண்டைத் தொட்டாலே போதும். இப்படிப்பட்ட செட்டில், போனில் இருந்து பாட்டுக் கேட்கலாம் என்று ஆக்ஸ் வயர் இழுத்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் போனையும் காதில் மாட்டிய இயர்போனையும் சேர்த்து நேராக மெயின் கரண்டில் கட்டியது மாதிரிதான். 'யு' வால்வு கண்ணில் பட்டால் அங்கேயே பின் அட்டையை மூடிவிடுங்கள்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு இதைச் சொல்வது விசித்திரமாக இருக்கலாம், ஆனால் பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரில் தேங்கிய கரண்டை இறக்கிய செட்டில் வீட்டிலேயே செய்ய நிறைய இருக்கிறது. முதலில் தூசி. மாஸ்க் போட்டுக்கொண்டு பெயின்ட் பிரஷால் மெதுவாகத் தட்டுங்கள். நம் பக்கத்துப் பரண்களில் எலியும் பல்லியும் ரேடியோவுக்குள் குடும்பமே நடத்தியிருக்கும்; எலி கடித்த வயர் கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து வையுங்கள். ப்ளோயரை முழு வேகத்தில் அடித்தால், நிலையம் மாற்றும் கேங்க் கண்டன்சரின் தகடுகள் வளையும்.

டயல் கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. சென்னை, திருச்சி, கொழும்பு என்ற எழுத்தெல்லாம் உள்பக்கம் பெயின்டில் அச்சிட்டவை. ஒரே இழுப்பில் துணியோடு வந்துவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள், உள்பக்கத்தை ஊதி விடுங்கள். அழிந்த டயலைப் பழையபடி எழுத இந்தக் கையால் முடியாது.

வால்யூம் கண்ட்ரோல் கரகரத்தால் எலக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக விட்டு, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். டேப் ஹெட் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. சானிட்டைசர் அல்ல, அதில் கிளிசரின் இருக்கும், படிந்துவிடும். அதே ஆல்கஹாலைப் பழைய 78 வேக இசைத்தட்டில் தேய்த்துவிடாதீர்கள். அந்தத் தட்டு அரக்கில் செய்தது, ஆல்கஹாலில் கரையும். டேப் ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் கரைந்து தார் மாதிரி ஒட்டியிருந்தால் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சரியான அளவுப் புதுப் பெல்ட் போடலாம். ரப்பர் பேண்டு போட்டால் பாடகர் தண்ணீருக்குள் இருந்து பாடுவார்.

டிரான்சிஸ்டர் ரேடியோவில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று தலை காட்டும் சின்னக் காயில்களைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். திருகாதீர்கள். மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூன்றும் 455 கிலோஹெர்ட்ஸில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைத்தவை. சிவப்பைத் திருகினால் மதுரை வானொலியின் 1269 டயலில் வேறெங்கோ போய் நிற்கும். அதைத் திரும்பக் கொண்டுவர சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். பேட்டரிக்கட்டை ஒழுகிய கசடு தனிக் கதை: அல்கலைன் என்றால் வினிகர் தொட்ட பஞ்சு, சாதாரணக் கட்டை என்றால் சமையல் சோடாக் கரைசல். பிறகு நன்றாகக் காய வையுங்கள்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் மைக் செட் வைத்திருந்த குடும்பங்களில் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் இன்னும் கிடக்கின்றன. "ஸ்பீக்கர் இல்லாம வால்வு மட்டும் எரியுதான்னு பாத்தேன்" என்று ஒரு தம்பி கொண்டுவந்தார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளுக்குள்ளேயே எரிந்திருந்தது. வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் மாட்டாமல் சிக்னல் கொடுத்து ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் எகிறி இன்சுலேஷனைக் கிழித்துவிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் நேர்மாறு, அதற்கு ஸ்பீக்கர் வயர் ஷார்ட் ஆவதுதான் எமன். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ். சிகரெட் தாளும் செம்புக் கம்பியும் அல்ல.

ஜப்பான், அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் முதலில் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 100, 117 என்றிருந்தால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டக் கூடாது. அது வைத்தாலும், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏ.சி. மோட்டார் ரிக்கார்டு பிளேயர் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சுற்றும்.

இதற்கு மேல் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது எதைத் திருகினீர்கள், எதைக் கழற்றினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள், தேடும் நேரமும் உங்கள் காசும் மிச்சமாகும். கழற்றிய கண்டன்சர், ரெசிஸ்டரைக் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டுக் கொண்டு வாருங்கள், அளவு அதன் மேல்தான் எழுதியிருக்கும். வேலை முடிந்ததும் மாற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிக்கார்டு பிளேயர் என்றால் ஊசியைக் கழற்றித் தனியாக வைத்து, ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மை நூலால் கட்டிவிடுங்கள். பஸ்ஸில் வரும்போது முதலில் உடைவது அதுதான்.