‘ரெட்டரிக்’ தமிழில் சொல்வன்மை

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பேச்சுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்பிடும்போது ‘ரெட்டரிக்’ (rhetoric) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மேடைப்பேச்சு என்றோ அணியிலக்கணம் என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டும் பொருந்தா.

மூலம் கிரேக்கம். ‘ரேற்றோர்’ என்றால் மக்கள் அவையிலும் வழக்குமன்றிலும் எழுந்து பேசுபவர். அவருடைய கலை ‘ரேற்றோரிக்கே’. எந்த விடயத்திலும் கேட்பவரை இணங்கவைக்கும் வழியைக் காணும் திறன் அது என்றார் அரிஸ்டாட்டில். அணியிலக்கணமோ செய்யுளின் அழகைப் பற்றியது. ‘நாவன்மை’ கிட்ட வருகிறது. ஆறுமுகருக்கு 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அளித்த ‘நாவலர்’ பட்டத்திலும் அந்த நா இருக்கிறது. ஆனால் அது பேசுபவரோடு நின்றுவிடும்.

குறளின் 65ஆம் அதிகாரத் தலைப்பே நமக்கு வேண்டிய சொல்: சொல்வன்மை. “கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்” (643). ‘கேளார்’ என்பதற்குப் பகையாய் ஏற்றுக்கொள்ளாதவர் என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். ஒப்பாதவரும் விரும்பும்படி பேசுவது என்றால், கிரேக்கர் சொன்னதும் அதைத்தானே!

செயற்றிட்டத்தையும் அந்தக் ‘கேளாரில்’ இருந்துதான் தொடங்க வேண்டும். யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். ‘நூலகத்தின் பெருமை’ என்றால் இணங்கவோ மறுக்கவோ எதுவும் இல்லை. ‘அதிபர் அவர்கள் அடுத்த தவணையிலிருந்து நூலகத்தைப் பிற்பகல் 3 மணி வரை திறந்துவைக்க வேண்டும்’ என்றால் உண்டு. 1.30க்குப் பாடசாலை விட்டு 3.30க்கு ரியூசன் தொடங்கும்வரை பிள்ளை எங்கே இருக்கிறது என்று காட்டுவது உணர்வைத் தொடும். ஒரு கிழமை வாசலில் நின்று, அப்படிக் காத்திருப்பவர்களை எண்ணிச் சொல்வது கோரிக்கைக்கான நியாயம். எண்ணியது நீங்களே என்பதால் உங்கள்மேல் நம்பிக்கையும் வரும். ‘யார் மேற்பார்வை செய்வது?’ என்று அதிபர் கேட்பது நிச்சயம். முறைவைத்து நாளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விடையை அவர் கேட்கமுன்னரே சொல்லிவிடுங்கள். பல பேச்சுகள் விழுவது இந்த இடத்தில்தான்.

ஆறுதலாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொல் போகும். 4 நிமிடத்துக்கு 360. இதில் ‘அவைத்தலைவர் அவர்களே, நடுவர்களே’ என்ற விளி வரிசைக்கே அரை நிமிடம் போய்விடுகிறது. ஒரு வரி போதும். முழுப் பேச்சையும் மனனம் செய்ய வேண்டாம், ஒரு சொல் தவறினால் அடுத்த வசனமும் வராது. முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் மனனம் செய்து, இடையில் உள்ளதை ஐந்து குறிப்புகளாக ஒரு சிறு அட்டையில் வையுங்கள்.

பேச்சுக்கு முன்னும் பின்னும் வகுப்பிடம் பெயரில்லாத துண்டில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எழுதி வாங்குங்கள். கைதட்டல் அளவுகோல் அல்ல. எத்தனை ‘இல்லை’ மாறியது என்பதே சொல்வன்மைக்கான புள்ளி. மாறாதவர்கள் துண்டின் பின்பக்கத்தில் காரணம் எழுதட்டும். நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட தடை எது என்பது அதில் தெரியும், இரண்டாம் வரைவை அங்கிருந்து எழுதலாம்.