டெரிட்டோரியல்: ‘பிராந்திய ராணுவம்’ என்பது சரியான தமிழா?

கிரிக்கெட் வீரர் தோனிக்கு 2011-இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கிடைத்தபோது ‘டெரிட்டோரியல் ஆர்மி’ என்ற பெயர் நம் ஊர்ச் செய்திகளில் நன்றாக அடிபட்டது. அதைத் தமிழில் ‘பிராந்திய ராணுவம்’ என்று எழுதுவதும் உண்டு. படித்தால், ஏதோ ஒரு பகுதிக்கு மட்டும் காவல் நிற்கும் படை என்றுதான் தோன்றும். உண்மையில் வேறு வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படைப்பயிற்சி எடுப்பவர்களின் படை அது. அப்படியானால் பெயரில் நிலம் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘டெர்ரா’ என்றால் நிலம். ஓர் ஊருக்கு உரிய சுற்றுப்புற நிலம் ‘டெரிட்டோரியம்’. பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஹால்டேன் 1907-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அதுவரை தனித்தனியாகக் கிடந்த தொண்டர் படைகளையும் யோமன்ரி என்ற பகுதிநேரக் குதிரைப்படையையும் ஒரே அமைப்பாக்கினார். 1908 ஏப்ரல் 1 அன்று ‘டெரிட்டோரியல் ஃபோர்ஸ்’ பிறந்தது. 14 காலாட்படை டிவிஷன்கள் (பெரிய படைப்பிரிவுகள்), 14 குதிரைப்படை பிரிகேடுகள் (அவற்றைவிடச் சிறியவை). ஆள் சேர்க்கும் பொறுப்பு அந்தந்த கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியின், சங்கத்துக்கு. மாலை நேரங்களில் பயிற்சி, ஆண்டுக்கு ஒரு முகாம், மற்ற நாட்களில் அவரவர் பிழைப்பு. ‘சனிக்கிழமை ராத்திரிச் சிப்பாய்கள்’ என்று கேலி பேசியவர்கள் உண்டு. ‘டெரியர்’ என்பது செல்லப்பெயர். டெரியர் என்ற நாயினத்தின் பெயருக்கும் வேர் ‘டெர்ரா’தான், வளைக்குள் மண்ணைத் தோண்டிப் போவதால்!

ஆக, நிலம் இங்கே இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, எந்த மண்ணில் ஆள் திரட்டினார்களோ அந்த மண். இன்னொன்று, காக்க வேண்டிய சொந்த நாடு. ஒப்புதல் தராதவரைக் கடல் கடந்து அனுப்பக் கூடாது என்பது விதி. 1914-இல் முதல் உலகப் போர் வந்ததும் பெரும்பாலோர் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். வெசெக்ஸ், ஹோம் கவுண்டீஸ் என்ற இரு டிவிஷன்களை, இந்தியாவிலிருந்த நிரந்தரத் துருப்புகளைப் போருக்கு விடுவிப்பதற்காக அந்த ஆண்டே இங்கே கப்பலேற்றி அனுப்பினார்கள்.

முதல் பொருளைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் டிவிஷனைப் பார்க்கலாம். பிளாக் வாட்ச், கார்டன், சீஃபோர்த் என வட ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்களின் பகுதிநேர பட்டாலியன்கள் (ரெஜிமென்டின் உட்பிரிவுகள்) சேர்ந்தது இது. கார்டன் பட்டாலியன் ஒன்றில் அபர்டீன் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே ஒரு கம்பெனி (பட்டாலியனின் உட்பிரிவு) இருந்தது. 1914-இல் இவர்களை இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் நகரில் கூட்டினார்கள். ஒதுக்குப்புறக் கிராமங்களிலிருந்து வந்த பலருக்குச் சின்ன வயதில் தட்டம்மை வந்ததே இல்லை. எதிர்ப்புச் சக்தி கிடையாது. போர்முனையைப் பார்க்கும் முன்பே அம்மையில் பலர் செத்துப்போனார்கள். பிறந்த மண் அவர்கள் உடம்போடு கூடவே வந்திருக்கிறது.

1915 மே மாதம் பிரான்சுக்குப் போன சமயத்தில்தான் ஹைலேண்ட் டிவிஷனுக்கு ‘51’ என்ற எண் கிடைத்தது. அதுவரை வட்டாரப் பெயர் மட்டுமே. 1916 நவம்பரில் பிரான்சின் போமோன்-ஆமெல் கிராமத்தைப் பிடித்துப் பெயர் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூன் 12 அன்று, பிரான்சின் செயின்ட் வலேரியில் ஜெர்மன் தளபதி ரோமலிடம் சரணடைந்து, பல ஆயிரம் பேர் கைதானார்கள். அப்புறம் இன்னொரு ஹைலேண்ட் டிவிஷனுக்கு அதே எண்ணைச் சூட்டினார்கள். 1942-இல் எகிப்தின் எல் அலமெய்னில் போரிட்டது அதுதான். 1944 செப்டம்பரில் செயின்ட் வலேரியை மீட்கும் வேலையை அதற்கே கொடுத்தார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘டிவிஷன்’ என்பதைப் ‘படைப்பிரிவு’ என்கிறோம். ரெஜிமென்டையும் அப்படித்தான் சொல்கிறோம். 1914-இல் ஒரு டிவிஷன் என்றால் 12 காலாட்படை பட்டாலியன்கள், பீரங்கி, பொறியாளர், மருத்துவர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 18,000 பேர். குழப்பம் வரும் இடத்தில் ‘டிவிஷன்’ என்றே எழுதிவிடுவது மேல்.

‘டெரிட்டோரியல்’ கொஞ்சம் சுவாரசியமானது. குறளின் படைமாட்சி உரையில் பரிமேலழகர் ஆறு வகைப் படைகளைச் சொல்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. வழிவழியாக வரும் நிலையான படை மூலப்படை. நாட்டு மக்களிடையே திரட்டுவது நாட்டுப்படை. ஹால்டேன் உருவாக்கியதற்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இன்று ‘நாடு’ என்றால் தேசம். நாட்டுப்படை என்று எழுதினால் தேசிய ராணுவம் என்று படிப்பார்கள். இலங்கைத் தமிழில் புழங்கும் ‘தொண்டர் படை’ பகுதிநேரத்தை ஓரளவு காட்டுகிறது, மண்ணை விட்டுவிடுகிறது. பிரிட்டிஷ் வரலாற்றை எழுதும்போது ‘வட்டாரத் தொண்டர் படை’ என்று நான் எழுதுவேன். அதில் மண்ணும் இருக்கிறது, விருப்பப்பட்டு வருவதும் இருக்கிறது.

பிரிட்டன் 2014-இல் ‘டெரிட்டோரியல்’ என்ற பெயரைக் கைவிட்டு ‘ஆர்மி ரிசர்வ்’ என்று மாற்றிக்கொண்டது. 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்த இந்தியப் படைக்கு இன்றும் அந்தப் பெயர்தான்.